திருத்தம் எண் பதினேழு

பல் ஆஸ்பத்திரிக்கு இருபத்திரண்டு படி. லிஃப்ட் கிடையாது. பல் வலியோடு வருகிறவனுக்குக் கால் நன்றாகத்தானே இருக்கும் என்று கட்டடம் கட்டியவர் நினைத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அந்தப் படிகளை ஒருத்தி உட்கார்ந்தபடியே ஏறிக்கொண்டிருந்தாள். முதுகை மேல்படிக்குக் காட்டி, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, வலது காலால் ஓர் உந்து; மாவுக்கட்டுப் போட்ட இடது கால் கூடவே இழுபட்டு வந்தது. இரண்டு படி கீழே, ஊன்றுகோல்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் தம்பி நின்றான். அவன் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் நாற்பது லிஃப்டுகள் அவன் கைபட்டு ஓடுகின்றன. சொந்த அக்காளை ஒரு மாடி ஏற்ற அவனால் முடியவில்லை. தூக்கிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிப் பார்த்தான். "நான் என்ன பார்சலா?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிட்டாள்.

அவள் டவுன் பஸ் ஓட்டுகிறவள். பன்னிரண்டு வருஷம், ஒரு சைக்கிளைக்கூடக் கீறியதில்லை. பதினொரு வாரத்துக்கு முன்னால் ஜன்னல் திரையைத் துவைக்கக் கழற்றப் போய், முக்காலியிலிருந்து விழுந்தாள். கட்டைப் பார்த்ததும் எல்லாரும் "பஸ் ஆக்சிடென்டா?" என்று மரியாதையோடு கேட்பார்கள். "திரைச்சீலை" என்று சொன்னதும் அந்த மரியாதை எங்கே போகிறதென்றே தெரியாது.

உடைந்தது கிளட்ச் கால். தூக்கத்தில்கூட அது கட்டுக்குள்ளே கிளட்சை மிதிக்கிறது. வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெருவில் போகிற பஸ்ஸின் சத்தத்தை வைத்தே யார் ஓட்டுகிறார்கள், எந்த கியரில் கொல்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். கேட்கத்தான் ஆளில்லை. உட்கார்ந்தால் படுக்கத் தோன்றும், படுத்தால் எழுந்திருக்கத் தோன்றும். கட்டுக்குள்ளே எறும்பு ஊர்கிற மாதிரி ஓர் அரிப்பு. அதற்காக ஒரு ஸ்வெட்டர் ஊசி வைத்திருந்தாள். வாரம் முழுக்க அவள் காத்திருப்பது ஞாயிறு மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும்தான். அந்த மூன்று மணி நேரம் அவள் ஓடுவாள்.

எப்படி ஓடுவாள் என்று சொல்லிவிட வேண்டும். பல் டாக்டர் அவளுடைய அக்காள் கணவர். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கு விடுமுறை. நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஈறு நோய்ப் படத்துக்குக் கீழே ஒரு வரைபடத்தை விரித்து, நாலு பேர் உட்கார்ந்து ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். நாலு வருஷமாக அதே விளையாட்டு. டாக்டர் கதை சொல்வார்: கோட்டை, காடு, பூதம், வில்லன். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரம். என் ஆள் இதைச் செய்கிறான் என்று வாயால் சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை ஒன்று முடிவு செய்யும். எத்தனை விழுந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தடிமனாக ஒரு விதிப் புத்தகம். அவ்வளவுதான். பெரியவர்கள் செய்கிற வேலையா இது என்று டாக்டர் மனைவி கேட்டதற்கு, இது ஒரு கலை வடிவம் என்று டாக்டர் பதில் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் இது பற்றிப் பேச்சில்லை.

கதை சொல்வது டாக்டருக்கு இயல்பாகவே வந்தது. எதிரே உள்ளவர் வாயைத் திறந்து வைத்திருக்க, பதிலை எதிர்பாராமல் பேசிக்கொண்டே போவது அவருக்குத் தொழில். அந்தக் கோட்டை கொத்தளங்களை அவர் "என் உலகம்" என்பார், வேறு யாரோ உரிமை கொண்டாடி வழக்குப் போட்டிருக்கிற மாதிரி.

தம்பியின் ஆள் ஒரு போர்வீரன். கதவு பூட்டியிருந்தால் உடைப்பான், திறந்திருந்தாலும் உடைப்பான். பஸ் ஓட்டும் அக்காளின் ஆள் கூரைமேல் ஓடும் திருடி. பெயர் பல்லி. நாலு வருஷத்தில் அந்தப் பெயர் ஆட்டத்துக்கு வெளியேயும் அவளுக்கே ஒட்டிக்கொண்டது. டிப்போவில்கூட ரெண்டு பேர் அப்படிக் கூப்பிடுகிறார்கள்.

நாலாவது ஆள் தராசு. எடை அளவு ஆய்வாளர். காய்கறிக் கடைத் தராசிலிருந்து பெட்ரோல் பங்க் வரைக்கும் அவர் முத்திரை இல்லாமல் எதுவும் அளக்க முடியாது. ஆட்டத்தில் அவர் தொண்ணூறு வயது மந்திரவாதி. முதல் மூன்று வருஷம் பேசாமல்தான் நெருப்பு வீசிக்கொண்டிருந்தார். போன வருஷம் ஒருநாள், பதினைந்து கிலோ மூட்டையோடு வீரன் கோபுரப் படியில் ஓடியபோது, தராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது எதார்த்தமா இல்லையே" என்றார்.

டாக்டருக்கு அந்த வார்த்தை பிடித்துப் போயிற்று. கோட்டை, பூதம் என்று அலைகிற மனுஷனுக்கு எதார்த்தம் என்பது கழுத்தில் போட்ட மாலை மாதிரி கனமாகவும் கௌரவமாகவும் இருந்தது. அடுத்த ஞாயிறே தராசு பதினைந்து கிலோ மணல் மூட்டையோடு வந்தார். எடை சரிபார்த்து முத்திரை குத்திய மூட்டை. தம்பி அதைச் சுமந்து இருபத்திரண்டு படியும் மூன்று முறை ஓடினான். தராசு ஸ்டாப்வாட்ச் பிடித்தார். நாலாவது முறை தம்பி பாதியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். அது திருத்தம் எண் ஒன்று ஆனது. ஒரு சீட்டில் டைப் அடித்து, விதிப் புத்தகத்தில் அந்தந்தப் பக்கத்தில் பழைய விதியின் மேலேயே ஒட்டினார்கள். முத்திரைச் சீட்டு ஒட்டுகிற ஆபீஸ் பசை. யார் பிய்த்தாலும் தெரிந்துவிடும் என்பார் தராசு பெருமையாக.

அப்புறம் மொட்டை மாடியில் தீப்பந்தம் கொளுத்தி எவ்வளவு நேரம் எரிகிறது என்று பார்த்தார்கள். மாடி வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் இறங்கிப் போனார். தண்ணீருக்கடியில் மூச்சடக்குவதைச் சோதிக்க டாக்டரே வாஷ்பேசினில் முகத்தை முக்கினார். நாற்பத்தொரு விநாடி. அன்றிலிருந்து அவர் உலகத்தில் எந்த வீரனும், எந்தக் கடற்கொள்ளையனும் நாற்பத்தொரு விநாடிக்கு மேல் முங்க முடியாது. ஒரு முத்துக்குளிக்கும் ராஜ்யமே அதில் திவாலானது.

உங்கள் விரலிலிருந்து நெருப்பு வருகிறதே, அதைச் சோதித்தீர்களா என்று தம்பி ஒருமுறை கேட்டுவிட்டான். தராசு கொஞ்சமும் அசரவில்லை. நெருப்பு மாயம், விரல் நிஜம். மாயத்துக்குச் சட்டமில்லை, விரலுக்கு உண்டு என்றார். டாக்டர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

பல்லி இதிலெல்லாம் தலையிடவில்லை. கூரைமேல் ஓடுவதற்கு மூட்டையும் தேவையில்லை, மூச்சும் அடக்க வேண்டாம். அவள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள், போன ஞாயிறு வரைக்கும்.

போன ஞாயிறு அவளுடைய ஆள் எதிரித் தளபதியின் அறைக்குள் புகுந்து கோட்டை வாசல் சாவியைத் திருடினாள். வெளியே வரும்போது சுவரிலிருந்து இருபதடி சறுக்கி விழுந்தாள். பத்தொன்பது உயிர்ப்புள்ளியில் மிச்சம் ஏழு. தானியக் கிடங்கின் பரணில் போய்ப் பதுங்கிக்கொண்டாள். விதிப்படி எட்டு மணி நேரம் தூங்கினால் போதும், ஏழு மறுபடி பத்தொன்பதாகும். எழுந்து, நாலு கூரை தாண்டினால் கோட்டை வாசல். ஆட்டம் அங்கே நின்றது. வாரம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அந்த நாலு கூரையைத்தான் மனசுக்குள் தாண்டிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு மூச்சு வாங்க அறைக்குள் வந்து நாற்காலியில் விழுந்து, கட்டுப்போட்ட காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்ததும், தராசு புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். தூக்க விதி இருந்த இடத்தில் புதுச் சீட்டு. பசை காய்ந்திருந்தது. திருத்தம் எண் பதினேழு: எலும்பு முறிவு தூக்கத்தால் கூடாது, கூடும் காலத்துக்கு அட்டவணை பார்க்கவும். அட்டவணையில் கோடு போட்டிருந்தது, எண் ஒன்றும் இல்லை.

இருபதடி உயரத்திலிருந்து கல் தரையில் விழுந்தவளுக்கு முறிவு இல்லாமல் இருக்காது என்று தராசு விளக்கினார். இதில் தனிப்பட்ட முறையில் எதுவும் இல்லை என்றார். தனிப்பட்ட முறையில் எதுவும் இல்லை என்று சொல்லும்போது அவர் கண் மாவுக்கட்டின் மேலேயே இருந்தது.

"ஒரு ராத்திரி தூங்கினா எலும்பு கூடிருமா? நீங்களே சொல்லுங்க. உங்களைவிட நல்ல சாட்சி நமக்கு எங்க கிடைக்கும்?"

அட்டவணையை எப்படி நிரப்புவது என்பதற்கும் அவர் வழி வைத்திருந்தார். அவள் அக்காள், டாக்டர் மனைவி, நேற்று ஸ்கேன் சென்டரிலிருந்து எக்ஸ்ரே உறையை வாங்கி இங்கேதான் வைத்துவிட்டுப் போயிருந்தாள். செவ்வாய்க்கிழமை எலும்பு டாக்டரிடம் காட்ட வேண்டும். அதற்கு அடுத்த வாரம் டிப்போ மருத்துவக் குழு. மறுபடி பஸ் ஓட்டலாமா, இல்லை டிக்கெட் கவுன்டரில் உட்கார வேண்டுமா என்று அவர்கள் சொல்வார்கள். உறைக்குள் இரண்டு படம். விழுந்த அன்று எடுத்தது ஒன்று, நேற்று எடுத்தது ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டால் பதினொரு வாரத்தில் எலும்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்று தெரியும். அதை வாரத்தால் வகுத்தால் ஆட்டத்துக்கு ஒரு கணக்கு கிடைக்கும். யூகம் இல்லை, நிஜ எலும்பு. ஆட்சேபணை இல்லையென்றால், என்று நிறுத்தினார்.

தம்பிக்கு முகம் சிவந்தது. அக்காள் கால் என்ன உங்கள் ஆபீஸ் எடைக்கல்லா என்று ஆரம்பித்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

உறையைத் திறக்க அவளுக்கே பயம். நேற்றிலிருந்து அது இங்கே கிடக்கிறது என்று தெரிந்தும், அத்தானுக்கு ஒரு போன் போட்டு என்ன தெரிகிறது என்று கேட்கவில்லை. ஆனால் நல்லதாக இருந்தால்? பாதிக்கு மேல் கூடியிருந்தால்? ஒரே கல்லில் இரண்டு. பஸ்ஸும் கிடைக்கும், பல்லிக்கும் ஒரு கணக்குக் கிடைத்து எழுந்து ஓடுவாள். வலது கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நிறுத்த நினைத்தாள், நிற்கவில்லை.

"பாருங்க" என்றாள்.

டாக்டரிடம் பல் படம் பார்க்கிற விளக்குப் பெட்டி உண்டு. பல்லுக்கு அது தாராளம். கால் படத்தை வைத்தால் ஒரு நேரத்தில் நாலு விரல் அகலத்துக்கு மேல் தெரியாது. டாக்டர் விளக்கைப் போட்டு, தொண்டையைச் செருமி, கதை சொல்கிற அதே குரலில் ஆரம்பித்தார். முழங்காலுக்குக் கீழே இறங்கினார். இதோ கெண்டைக்கால் எலும்பு, எவ்வளவு கம்பீரம் பாருங்கள், ஒரு தூண் மாதிரி. படத்தை மேலே தள்ளினார். முறிந்த இடம் வந்தது. கறுப்பாக ஒரு சாய்ந்த கோடு. அதை எடுத்துவிட்டு நேற்றுப் படத்தை வைத்தார். தூண். தள்ளினார். சாய்ந்த கோடு.

முதல் படத்தை மறுபடி வைத்தார். எடுத்தார். இரண்டாவதை வைத்தார். ஓரத்தில் தேதியைப் பார்த்தார். தராசு பேனாவைத் திறந்து தயாராக இருந்தார். எவ்வளவு சதவீதம் என்று கேட்டார்.

டாக்டர், இதுவரை அந்த அறையில் யாரும் கேட்டிராத ஒன்றைச் சொன்னார். "நான் வெறும் பல் டாக்டர்தானே."

ஒரு டவுன் பஸ் கீழே தெருவில் நின்று, கிளம்பி, கியர் மாறாமல் முனகிக்கொண்டே போயிற்று.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கா அத்தான்?" என்றாள் பல்லி.

ஆங்கிள் வேறாக இருக்கலாம் என்றார். இந்தப் பெட்டி சின்னது என்றார். கூடுவதற்கு முன்னால் உள்ளே ஏதோ நடக்கும், அது படத்தில் தெரியாது என்று எங்கோ படித்ததாகச் சொன்னார். விளக்கை அணைத்தார். அணைத்த பிறகும் படத்தை எடுக்க மறந்து நின்றார்.

அவள் தராசு பக்கம் திரும்பினாள். "எழுதுங்க சார். பதினொரு வாரத்துக்கு சைபர். வகுத்தாலும் சைபர்தான்."

தராசின் பேனா காகிதத்துக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. எத்தனையோ கடைக்காரன் கெஞ்சியும் அழுதும் அந்தப் பேனா ஒரு கிராமை விட்டுக்கொடுத்ததில்லை. இப்போது அது இறங்க மறுத்தது. ஒரே ஓர் ஆளை வைத்து அளந்தது செல்லாது என்றார். அளக்கிற கருவியே முத்திரையிடப்படாதது என்றார். குறைந்தது முப்பது எலும்பாவது வேண்டும் என்றார். மணல் மூட்டைக்கு ஒரே ஒரு தம்பிதானே ஓடினான் என்று யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

டாக்டர் சட்டென்று உட்கார்ந்து வரைபடத்தை இழுத்துக்கொண்டார். வேகமாகக் கதையை ஆரம்பித்தார். பொழுது விடிந்துவிட்டது, கிடங்கின் ஓட்டை வழியாக வெளிச்சம் விழுகிறது, பல்லி கண் விழிக்கிறாள், எட்டு மணி நேரத் தூக்கம், கால் பூரண குணம், ஒரு வலியும் இல்லை. பல்லி மட்டும் விதிவிலக்கு, திருத்தம் பதினேழு அவளுக்குப் பொருந்தாது, இது கதை சொல்கிறவன் தீர்ப்பு. தராசு தலையை ஆட்டினார். தம்பியும் ஆட்டினான். மூன்று ஆண்பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது நாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

பகடையை அவள் முன்னால் நகர்த்தினார்கள். அவளுக்கு வேண்டியது அதுதான். நாலு கூரை. கை தானாகப் பகடை மேல் போயிற்று. எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முன்னால் போகச் சொல்லி வழிவிடுகிறார்கள். பஸ்ஸில் ஏறினால் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். டிப்போவிலிருந்து பழம் வாங்கி வந்து, பழத்தைவிடக் கனிந்த முகத்தோடு பார்க்கிறார்கள். பதினொரு வாரமாக எல்லாமே விதிவிலக்கு. இங்கே மட்டும்தான் யாரும் அவளுக்கு எதுவும் விட்டுக்கொடுத்ததில்லை. பகடையில் மூன்று விழுந்தால் மூன்றுதான். விழுந்தால் விழுந்ததுதான்.

"எனக்குன்னு தனியா ஒண்ணும் வேணாம் அத்தான்."

"அட, எழுந்துட்டா, ஓடட்டுமே. இதுல என்ன இருக்கு?"

"பாவம் பாத்து ஓட விட்டா அது ஓட்டமில்ல. அதுக்கு நான் தம்பி முதுகுலயே ஏறி வந்திருப்பேன்." புத்தகத்தைத் தட்டினாள். "எல்லாருக்கும் என்ன சட்டமோ அது எனக்கும். இல்லேன்னா இந்தச் சீட்டைக் கிழிங்க. அடியில என்ன இருக்கோ அதை வச்சு ஆடுவோம். சாரோட மந்திரவாதி காலை உடைச்சாலும் அதான், தம்பி உடைச்சாலும் அதான்."

தராசு தன் சீட்டைப் பார்த்தார். எதார்த்தத்துக்காக ஒரு வருஷம் உழைத்தவர். பதினேழு சீட்டு டைப் அடித்தவர். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே மறுபடி போட்டார். பிய்த்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

சொல்வது சுலபம். நகத்தால் சுரண்டினார்கள், வரவில்லை. தம்பி வெந்நீர் வைத்தால் வரும் என்றான். புத்தகம் போய்விடும் என்றார் டாக்டர். கடைசியில் உள்ளே போய் பல் காறை சுரண்டுகிற கொக்கியை எடுத்து வந்தார். தலைக்கு மேலே விளக்கை இழுத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை இறக்கி, சீட்டின் ஓரத்தில் கொக்கியை வைத்தார். "கொஞ்சம்கூட வலிக்காது" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை, அவரைத் தவிர எல்லாருக்கும் சிரிப்பு வந்தும்.

அரை மணி நேரம் ஆனது. அரை மணி நேரமும் பல்லியின் வலது கால் ஆடியது, ஸ்வெட்டர் ஊசி கட்டுக்குள் போய்ப் போய் வந்தது. சீட்டு கடைசியில் பெயர்ந்தது. கூடவே பழைய விதியும் பெயர்ந்து வந்தது. பக்கத்தில் ஒரு ஓட்டை. ஓட்டை வழியே அடுத்த பக்கத்துக் குதிரை விலைப்பட்டியல் தெரிந்தது. மிஞ்சியது விளிம்பில் "எட்டு மணி" என்ற இரண்டு சொல்.

டாக்டர் பரிதாபமாகக் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இனி ஆளாளுக்கு ஒரு விதி சொல்வார்கள், யார் சொல்வதை நம்புவது என்றார்.

அப்போது தராசு நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, கடைக்காரனுக்குச் சட்டப் பிரிவு வாசிக்கிற குரலில் ஒப்பிக்க ஆரம்பித்தார். "எட்டு மணி நேரம் இடையூறின்றித் தூங்கும் பாத்திரம், அதன் காயம் எத்தன்மையதாயினும், இழந்த உயிர்ப்புள்ளி அனைத்தையும் திரும்பப் பெறும். இவ்விதி எல்லாப் பாத்திரங்களுக்கும் பொருந்தும்."

ஒரு கமாகூடத் தவறவில்லை. எதிர்த்து வாதாடுவதற்காக அவர் அதை அத்தனை முறை படித்திருந்தார். "எத்தன்மையதாயினும்" என்ற சொல்லுக்கு மட்டும் குரல் கொஞ்சம் கம்மியது; அவர் ஜென்ம விரோதி அந்தச் சொல்தான். டாக்டர் ஒரு வெள்ளைத்தாளில் அதை எழுத, கீழே நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பசை இல்லாமல் குண்டூசியால் குத்தினார்கள்.

"எட்டு மணி நேரம் தூங்கினேன்" என்றாள் பல்லி. "பத்தொன்பது."

பத்தொன்பது என்று டாக்டர் குறித்தார்.

முதல் கூரை, இரண்டாவது கூரை. பகடை அவள் பக்கம் நின்றது. மூன்றாவதில் ஓடு ஒன்று நழுவியது, சமாளித்தாள். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே ஒரு சந்து. கீழே முப்பதடி. பதினொன்றுக்கு மேல் விழ வேண்டும் என்றார் டாக்டர், சொல்லிவிட்டு உடனே குறைக்கலாமா என்று ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

உருட்டினாள். நாலு.

"விழுந்தேன்" என்றாள், யாரும் சொல்வதற்கு முன்னால்.

முப்பதடிக்கு எத்தனை புள்ளி போகும் என்பதற்கு மூன்று சின்னப் பகடை. டாக்டர் உருட்டினார். ஆறு. ஐந்து. மூன்று. பதினான்கு போனால் மிச்சம் ஐந்து. முப்பதடி உயரத்திலிருந்து கல் தரையில் விழுந்த மனுஷ எலும்பு என்ன ஆகும் என்பது தராசுக்குத் துல்லியமாகத் தெரியும். வாயைத் திறந்தார். நாலு கையெழுத்துப் போட்ட தாளைப் பார்த்தார். பிஸ்கட் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அஞ்சு இருக்கு, எழுந்திருக்கலாம்" என்றான் தம்பி. "கோட்டைக் காவல்காரன் சத்தம் கேட்டிருப்பான் அக்கா." "ரெண்டு பேர் வராங்க" என்றார் டாக்டர்.

"எந்தப் பக்கத்திலிருந்து?"

"இடது பக்கம்" என்றார் டாக்டர்.

"அப்ப வலது பக்கம் ஓடறேன்" என்றாள் பல்லி, பகடையைக் கையில் எடுத்துக் குலுக்கிக்கொண்டே. "சந்து எங்க போகுது? சீக்கிரம் சொல்லுங்க அத்தான், நான் நிக்கல."